மந்திரி அமுக்காத பொத்தான்

பஸ் டிப்போவில் அவருக்குப் பெயர் மந்திரி. எந்தத் தேர்தலிலும் அவர் நின்றதில்லை. சீருடையில் காய்கறி நறுக்கலாம் என்கிற அளவுக்குக் கூரான மடிப்பு. யாராவது வணக்கம் சொன்னால் தலையில் ஓர் அசைவு, அதற்குமேல் பதில் கிடையாது. சொல்லாமல் போகிறவரை நிறுத்தி, “என்னப்பா, ராத்திரி தூக்கம் சரியில்லையா?” என்று விசாரிப்பார். அந்த விசாரிப்பு பிடிக்காதவர்கள் மறுநாளே வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டில் அந்தப் பதவி செல்லாது. அங்கே அவர் மனைவிக்கு ‘இந்தாங்க’, மகனுக்கு அப்பா, மருமகளுக்கு மாமா. மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதி கடலில். மிச்சம் மூன்று பேருக்கு ஒரே குளியலறை. காலையில் மந்திரி அதற்குள் போனால் அமைச்சரவைக் கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். அதற்குள் மருமகளுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

அவளுக்கும் அதே டிப்போவில்தான் வேலை. மாடியில், கணினி அறையில். அவள் பிறந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர், அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவர். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் இருவரும் “கம்ப்யூட்டர்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். மேலே கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. சில நாள் அவளுக்கே தெரியாது. காலையிலிருந்து உட்கார்ந்து தட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தால், போகிற பஸ்கள் போய்க்கொண்டிருக்கும், வருகிற பஸ்கள் வந்துகொண்டிருக்கும். தன்னால் இதில் எது நகர்ந்தது என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். மந்திரி அதையே வாய்விட்டுக் கேட்பார், அதுதான் வித்தியாசம்.

“அம்மாடி, இன்னைக்கு நான் ஊர்ல பாதி பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். நீ எத்தனை பேரை இறக்குன?”

“நான் யாரையும் இறக்கல மாமா.”

“அதான் கேட்டேன்.”

இதே மந்திரி டிப்போ டீக்கடையில், “மேல ஏசி ரூம்ல உக்காந்திருக்கே, அது என் மருமக” என்று சொல்லிக்கொண்டிருப்பது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. அந்தப் பேச்சு மட்டும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

மந்திரியின் பெருமையெல்லாம் அவருடைய வழித்தடம். ரயில் நிலையத்தில் ஆரம்பித்துத் துணி ஆலைவரை ஒரே நேர் ரோடு. பகல் வண்டி. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து கால் நீட்டிவிடலாம். அந்த வழி கிடைப்பதற்காக அவர் பல வருடம் இரவு வண்டி ஓட்டினார். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது அத்தை, அதாவது மந்திரியின் மனைவி, இப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“பகல் முழுக்க வீட்டுல இருந்தாரும்மா. நான் துவைச்சுப் போட்ட துணிய எடுத்துப் பாத்து, காலர்ல அழுக்கு இருக்குன்னாரு. ஒரு நாள் வந்து அடுப்புல தண்ணி கொதிக்கிற சத்தம் சரியில்லைன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க அத்தை?”

“நான் என்னத்தச் சொல்ல. அக்கா வீட்டுக்குப் போயி பத்து நாள் இருந்துட்டு வந்தேன். தண்ணி சரியாகட்டும்னு.”

கணினி அறையின் வேலைகளில் ஒன்று, பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் பெட்டியைக் கவனிப்பது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அது இருக்கும். அதில் ஒரு பச்சைப் பொத்தான். ஒவ்வொரு நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போதும் ஓட்டுநர் அதை ஒரு தரம் அமுக்க வேண்டும். அமுக்கினால் ஒரு பெண் குரல் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும். போகும் வழியின் பட்டியலை மட்டும்தான் பெட்டிக்குக் கொடுத்திருப்பார்கள். வரும் வழிக்கு அதுவே அந்தப் பட்டியலைத் தலைகீழாக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நகலெடுக்கும் பகுதியை எழுதியவர் மேடம். கணினி அறையின் தலைவி. மேஜையில் எப்போதும் ஒரு டீ ஆறிக்கொண்டிருக்கும். இளமையில், பெட்டி புதிதாக வந்தபோது, தன் கையாலேயே எழுதினார். கணினி மொழியோடு கூடவே இலவசமாக வரும் ஆயத்த வேலைகளை, ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று சொல்வார்களே, அதை அவர் தொடமாட்டார். “அடுத்தவன் எழுதினதுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்பார். தான் எழுதியதற்குள் என்ன இருந்தது என்பதும் அவருக்கு மறந்துபோய்ப் பல காலம் ஆகியிருந்தது.

மருமகள் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தாள். இருபது வரி. பட்டியலின் முதல் ஆளையும் கடைசி ஆளையும் எடுத்து, புதுப் பட்டியலில் ஒருவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கிறது. பிறகு இரண்டாவது ஆளும் கடைசிக்கு முந்தைய ஆளும். இப்படி இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வந்து, இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டதும் நின்றுவிடுகிறது. அதன்பின், புதுப் பட்டியலில் எங்காவது காலி இடம் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி ஒரு நான்கு வரி. தலைகீழாக நகலெடுத்த பட்டியலில் காலி இடம் எதற்கு வரப்போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பெரியவர்கள் எதையாவது மனசில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அங்கேயே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம்.

இதற்கு லைப்ரரியில் ஒரே வரி போதும். ரிவர்ஸ் காப்பி. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எங்கே எழுத வேண்டும் என்று மூன்றைச் சொன்னால், கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புது இடத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்துவிடும். மூலப் பட்டியலைத் தொடாது. இதற்கு ஓர் அண்ணன் உண்டு, வெறும் ரிவர்ஸ். அவன் மூலத்தையே புரட்டிப் போட்டுவிடுவான், அப்புறம் போகும் வழி தொலைந்துவிடும். தம்பி சாது. ஒரே நிபந்தனை, எழுதப்போகிற இடம் முன்கூட்டியே போதுமான அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் தடவை அவள் அதை மறந்தாள். நிரல், அதாவது புரோகிராம், முகம் குப்புற விழுந்தது. இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள், ஓடியது. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“இருபது வரிய ஒரே வரியாக்கிட்டியா?”

“ஆமா மேடம்.”

“மிச்சம் பத்தொன்பதும் என்ன பாவம் பண்ணுச்சு?”

அவள் சிரித்து வைத்தாள். மேடம் சிரிக்கவில்லை.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே வேலை செய்யும்?”

“அப்படியே மேடம். சந்தை ரூட்ட வச்சு செக் பண்ணிட்டேன். ஒரு எழுத்துகூட மாறல.”

அது உண்மை. சந்தை வழித்தடத்தில் பத்து நிறுத்தம். இரண்டு நிரலையும் ஓட்டி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. மேடம் கையை ஆட்டி அனுமதி கொடுத்தார். மறுநாள் எல்லா பஸ்ஸிலும் புது வரி ஏறியது. அன்றைக்கு மருமகள் மாடிப்படியில் கொஞ்சம் துள்ளித்தான் இறங்கினாள். எதுவோ நகர்ந்த மாதிரி இருந்தது.

நகர்ந்தது. மந்திரியின் வண்டியில் தினமும் நீதிமன்றத்துக்கு வரும் ஒரு வக்கீல், கோப்புக்குள் முகம் புதைத்தபடி உட்கார்ந்திருந்தவர், பெட்டி “நீதிமன்றம்” என்றதும் எழுந்து இறங்கினார். இறங்கின இடம் தபால் நிலையம். கறுப்புக் கோட்டோடு திரும்பி ஓடி அவர் கோர்ட்டுக்குள் போய்ச் சேர்ந்தபோது வழக்கு அவர் இல்லாமலேயே முடிந்து, எதிர்த்தரப்பு வக்கீல் டீ குடிக்கப் போயிருந்தார். ரயிலுக்குப் போன ஒரு தம்பதி, பெட்டி “தபால் நிலையம்” என்று சொன்னதை நம்பி ரயில் நிலையத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் திரும்பி நிற்கிற கொட்டகையிலிருந்து அவர்களுடைய ரயில் போவது நன்றாகத் தெரிந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஏறிய ஒருவர், “அடுத்த நிறுத்தம், பல் ஆஸ்பத்திரி” என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

வக்கீலின் புகார் வந்தது. புகார் என்று சொன்னால் அதற்கு மரியாதைக் குறைவு. அட்டை போட்டுத் தைத்து விற்கலாம். டிப்போ மேலாளர் பெட்டியின் பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு அமுக்கும் அதில் பதிவாகும். திரும்பி வருகிற ஒவ்வொரு நடையிலும் ஓர் அமுக்கு குறைந்தது. அப்படியானால் பெட்டி சரி, ஓட்டுநர்தான் ஒரு நிறுத்தத்தில் அமுக்கவில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தப்பு நிரூபணமானால் பகல் வழித்தடம் போய்விடும். மறுபடி இரவு வண்டி.

அன்று சாப்பிடும்போது மந்திரி சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: “எவனோ பெட்டியில கை வச்சிருக்கான்.”

“யாரும் வைக்கலைன்னுதானே சொல்றாங்க,” என்றார் அத்தை.

“வச்சிருக்கான். படிச்சவனாத்தான் இருக்கும். படிக்காதவன் கெடுத்தா ஒரு இடத்துலதான் கெடும். இப்படி வரிசையாக் கெடணும்னா அதுக்குப் படிச்சிருக்கணும்.”

மருமகள் முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்க ஓடு எதுவும் மிச்சமில்லாத பிறகும் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி வண்டின்னா,” அத்தை மெதுவாகக் கேட்டார், “பகல்ல வீட்டுலயா இருப்பீங்க?”

“பின்ன எங்க போவேன், ரோட்டுலயா நிப்பேன்?”

அத்தை எழுந்து சமையலறைக்குள் போனார்.

அவள் தன் ஒரு வரியை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததுதான் பயமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு மந்திரியின் வண்டியிலேயே ஏறி, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

“எங்க அம்மாடி?”

“சும்மா மாமா. மில்லு வரைக்கும் போயிட்டு வரலாம்னு.”

“மில்லுல என்ன இருக்கு பாக்க? சரி, உக்காரு. கூட்டம் வந்தா எந்திரிச்சுடணும்.”

போகும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரயில் நிலையம், தபால் நிலையம், நீதிமன்றம், பல் ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, மைதானம், துணி ஆலை. ஒவ்வொன்றை விட்டுக் கிளம்பும்போதும் மந்திரியின் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. அந்தக் குரல் பேசியது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பும்போதும் அப்படித்தான். ஆலை, மைதானம். சிறைச்சாலையை விட்டுக் கிளம்பியதும் அவள் முன்னால் குனிந்தாள். விரல் பொத்தானுக்குப் போகவில்லை. மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, பஸ்ஸின் கடைசி வரிசைவரை கேட்கும் குரலில்:

“அடுத்தது பல்லு. பிடுங்கறவங்க இறங்கலாம். பிடுங்கப் பயமா இருக்கறவங்க நேரா கோர்ட்டுக்குப் போயி ஜாமீன் வாங்கிட்டு வரலாம்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. வீங்கின கன்னத்தைத் துணியால் கட்டியிருந்த ஒரு பெண், “சிரிக்க வைக்காதீங்க டிரைவர், வலிக்குது” என்று கெஞ்சியபடி இறங்கிப் போனாள். அவள் இறங்கின பிறகு, பல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, மந்திரி பொத்தானை அமுக்கினார். பெட்டி பணிவாக, “அடுத்த நிறுத்தம், பல் ஆஸ்பத்திரி” என்றது.

“மாமா, ஜெயில் தாண்டும்போது ஏன் அமுக்கல?”

“அங்க அமுக்கக் கூடாது.”

“யார் சொன்னா?”

“நான் சொன்னேன். வரும்போது அங்க அமுக்கினா பல்ல விட்டுட்டுக் கோர்ட்டுக்குத் தாவிடும். அமுக்காம விட்டா எல்லாம் கரெக்டா வரும். கண்டுபிடிச்சதே நான்தான். லீவுல மாத்தி வர்ற பயலுகளுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“ஏன் மாமா தாவுது?”

“ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மெஷின் இருக்குல்ல. அது பெட்டியக் குழப்புது.”

“போகும்போது குழப்பலையே.”

“போகும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம்ல போறோம்,” என்றார் மந்திரி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

அவள் விரல்விட்டு நிறுத்தங்களை எண்ணினாள். ஏழு நிறுத்தம். ஒற்றைப்படை. இரண்டு பக்கமிருந்தும் ஜோடி ஜோடியாக இடம் மாற்றிக்கொண்டு வந்தால், ஏழில் மூன்று ஜோடி போக நடுவில் ஒருவன் தனியாக நிற்பான். அவனுக்கு ஜோடி இல்லை. மேடத்தின் இருபது வரி அவனை எடுத்து வைக்காமலே நின்றுவிடுகிறது. புதுப் பட்டியலில் அவன் இடம் காலி. அந்தக் காலி இடத்தைத்தான் பின்னால் வந்த நான்கு வரி துடைத்து எடுத்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரி வரும் வழியில் என்றைக்குமே இருந்ததில்லை. டிப்போவில் ஒற்றைப்படை நிறுத்தம் உள்ள வழி இது ஒன்றுதான். தப்பு ஒன்று இருந்தது. அதற்கு மேல் மந்திரி ஒரு பழக்கத்தைப் போட்டு மூடியிருந்தார். இரண்டும் சேர்ந்து வருடக்கணக்காகச் சரியாக ஓடின. அவள் வந்து தப்பை மட்டும் எடுத்துவிட்டாள்.

“பெட்டி இப்ப என்ன சொல்லுதுன்னு நீங்க கேக்கவே இல்லையா மாமா?”

“எத்தனை வருஷம்மா அந்தப் பொம்பளை பேச்சக் கேக்கறது? நான் வீட்டுலயே கேக்கறதில்ல.”

அன்று சமையலறையில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“நீ பண்ணது சரியா, தப்பா?”

“சரிதான் அத்தை.”

“அப்ப அவரு பண்றது தப்பா?”

“போன வாரம் வரைக்கும் சரி. இப்ப தப்பு.”

“எனக்கு இந்த நியாயமெல்லாம் வேணாம்மா. பழையபடி மாத்திடு. அந்த மனுசன் பகல்ல வெளிய இருக்கணும்.”

மாற்றுவது பெரிய காரியமில்லை. ஆனால் பதிவில் ஏறியது ஏறியதுதான். விடுபட்ட அமுக்குகள் அங்கேயே இருக்கும், மந்திரிதான் பதில் சொல்ல வேண்டும். யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முதலில் மேடத்திடம் போனாள்.

டீக்கடைப் பையன் மேஜையில் ஐந்து டீ வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் அவற்றை வரிசையாக நிறுத்தினாள். “இது உங்க லூப் மேடம், அந்த இருபது வரி.” முதல் கப்பைக் கடைசிக்கும் கடைசிக் கப்பை முதலுக்கும் மாற்றினாள். இரண்டாவதையும் நான்காவதையும் மாற்றினாள். நடுக் கப் நின்ற இடத்திலேயே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“இவன புதுப் பட்டியல்ல எடுத்து வைக்க யாருமில்ல மேடம். உங்க லூப் இங்க நின்னுடுது.”

மேடம் அந்தக் கப்பைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் குடித்தார்.

“இப்ப நாலுதானே. சரியா வருதா?”

“வருது மேடம்.”

“அப்ப லூப் சரி.” கப்பைக் கீழே வைத்தார். “யாருக்கெல்லாம் தெரியும்?”

“இப்போதைக்கு யாருக்கும் தெரியாது.”

“தெரிய வேணாம். விசாரணையில நான் இருக்கேன். பெட்டியில ஒரு வயர் லூஸா இருந்துச்சுன்னு சொல்லிடறேன். உன் மாமனாருக்கு ஒண்ணும் ஆகாது. பழசையே திருப்பிப் போட்டுடுவோம். நீ வாயத் திறக்காம உக்காந்திரு, அது போதும்.”

படியிறங்கி வரும்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவில்லை. சரியாக எழுதின ஒரே ஒரு வரியையும் எடுத்துவிட்டு, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சம்பளம் வாங்கிக்கொள்வதற்கா படித்தோம் என்று தோன்றியது. மாமா இரவு வண்டி ஓட்டுவதற்கும் படிக்கவில்லையே என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்புக்குக் கனம் அதிகம். வாயைத் திறப்பதில்லை என்றுதான் விசாரணைக்குப் போனாள்.

மேலாளர் அறையில் மந்திரி மடிப்புக் கலையாமல் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, மடிப்பு போய்விடும் என்று மறுத்துவிட்டார். மேடம் வயர் கதையை அழகாகச் சொன்னார். மேலாளருக்கும் அது பிடித்திருந்தது. வயரின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை.

“அப்ப டிரைவர் மேல தப்பில்ல. வயர் பிரச்சினை. சரிதானே?” என்று மந்திரியைப் பார்த்தார். ஆமாம் என்றால் முடிந்தது.

“வயரா?” என்றார் மந்திரி. “வயரெல்லாம் இல்ல சார். எக்ஸ்ரே.”

“என்னது?”

“பெட்டிய எக்ஸ்ரே குழப்பும் சார். அதனால ஜெயில் தாண்டும்போது நான் அமுக்கவே மாட்டேன். இன்னைக்கு நேத்தா, பெட்டி வந்த நாள்லேர்ந்து அமுக்கினதில்ல. அது என் முறை.”

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். மேலாளர் நிமிர்ந்தார்.

“வேணும்னே அமுக்கல. நீங்களே சொல்றீங்க.”

“பெருமையாவே சொல்றேன் சார்.”

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். இரவு வண்டி அந்த மூடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. மருமகள் எழுந்தாள்.

“சார், மாமா அமுக்காதது அன்னைக்குச் சரி. மேடம் எழுதினதுல வரும்போது நடு ஸ்டாப் விழுந்துபோகும். அதுக்காகத்தான் அங்க அமுக்காம விட்டாரு. நான் அதை மாத்தினேன். இப்ப விழறதில்ல. மாறினது மாமாவுக்குத் தெரியாது. நான் சொல்லல. எனக்கே தெரியாது சார், ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன். பத்து ஸ்டாப் ரூட்ட வச்சுப் பாத்தேன். ஏழு ஸ்டாப்ப வச்சுப் பாக்கல.”

மேலாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தார். மந்திரி மருமகளைப் பார்த்தார்.

“அப்ப, வரும்போது அந்தப் பெட்டிக்குள்ள பல் ஆஸ்பத்திரியே இல்லையா?”

“இருந்ததில்ல மாமா.”

“எக்ஸ்ரே?”

“எக்ஸ்ரேயெல்லாம் ஒண்ணுமில்ல மாமா.”

மந்திரியின் முகம் கறுத்தது. மேலாளர் பேனாவை மூடினார். “சரி. ஒரு தப்பு, அதுக்கு ஒரு பழக்கம். ரெண்டும் சேர்ந்து ஒழுங்கா ஓடிட்டிருந்தது. பழையதையே போட்டுடுங்க. அவரு பழையபடி அமுக்காம ஓட்டட்டும். வக்கீலுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். முடிஞ்சுது.”

அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மேடம் தலையசைத்தார். மந்திரி மட்டும் நகரவில்லை.

“வேணாம் சார்.”

“எது வேணாம்?”

“பழசு வேணாம். என் ரோட்டுல ஒரு ஸ்டாப்ப முழுங்கிட்டு ஒரு மெஷின் ஓடியிருக்கு. அதுக்கு நான் இத்தனை வருஷம் திரை பிடிச்சிருக்கேன். தெரியாம பிடிச்சேன். தெரிஞ்சு பிடிக்க மாட்டேன்.”

“அப்ப நீங்க அங்க அமுக்கணும்.”

“அமுக்கறேன்.”

“பழக்கம் விடுமா? மறந்து இன்னொரு புகார் வந்தா என் கையில ஒண்ணும் இல்ல. ராத்திரி வண்டிதான்.”

“அமுக்கறேன்னு சொல்லிட்டேன்ல சார்.”

வெளியே வந்ததும் மேடம் மருமகளைப் பிடித்துக்கொண்டார். “இனிமே எதையாவது சரி பண்றதா இருந்தா முதல்ல எங்கிட்ட சொல்லிடு. தப்புப் பண்ணா அப்புறம் சொன்னாப் போதும்.” வீட்டில் மந்திரிக்கு உப்பு வேண்டுமென்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் மருமகளைத் தாண்டி, “இந்தாம்மா, அவகிட்ட உப்பத் தள்ளச் சொல்லு” என்று மனைவியிடம் சொன்னார்.

அத்தைக்கு வேறு கவலை. காலையில் அவள் கையில் பஸ்ஸுக்குச் சில்லறையைத் திணித்தார். “போயி பாரு. விரலு போகலைன்னா பின்னாலேர்ந்து இருமு.”

வண்டியில் அவள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். மந்திரி கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவைத்தார். திரும்பி வரும்போது மைதானத்தில் அந்த வக்கீல் ஏறினார். இந்த முறை கோப்பைத் திறக்கவில்லை. பெட்டிக்கு எதிரே, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

சிறைச்சாலையில் நால்வர் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

விரல் போகவில்லை. இடது கை கியர் மேலேயே கிடந்தது. பஸ் வேகமெடுத்தது. அவளுக்கு இருமல் வரவில்லை. மந்திரி வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். பின்னாலிருந்து யாரோ சிரிக்கத் தயாரானார்கள். வீங்கின கன்னக்காரி, இரண்டாவது பல்லுக்காக வந்திருந்தவள், “சொல்லுங்க டிரைவர்” என்றாள்.

மருமகள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். இந்த ரோடு முழுக்க அந்தக் குரல் பேசிக்கொண்டே வருகிறது. அது வாயை மூடுகிற ஒரே இடம் இதுதான். அந்த இடத்தில்தான் இவர் பேசியிருக்கிறார். இனிமேல் இங்கேயும் அதுதான் பேசும். அறையில் “அமுக்கறேன்” என்று சொன்னபோது மந்திரிக்கு இது தெரிந்திருந்தது.

மந்திரி அமுக்கினார்.

“அடுத்த நிறுத்தம், பல் ஆஸ்பத்திரி,” என்றது பெட்டி.

யாரும் சிரிக்கவில்லை. கன்னத்தில் துணி கட்டியவள் பல் ஆஸ்பத்திரிக்குப் போகிற முகத்தோடு இறங்கிப் போனாள். கதவு மூடியது. மந்திரி மறுபடி அமுக்கினார். “அடுத்த நிறுத்தம், நீதிமன்றம்.” வக்கீல் சந்தேகத்தோடு ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி, வரப்போவது என்ன கட்டடம் என்று பார்த்தார்.

“நிஜமான கோர்ட்டுதான் வக்கீல் சார்,” என்றார் மந்திரி, திரும்பாமல். “நம்பி இறங்கலாம். தீர்ப்புக்குத்தான் நான் பொறுப்பில்ல.”

பஸ் குலுங்கிச் சிரித்தது. வக்கீல் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. இறங்கும்போது படியில் நின்று கட்டடத்தை மறுபடி ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மந்திரிக்குத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்த அசைவில் பகல் வழித்தடம் பத்திரமாக இருந்தது.

தபால் நிலையத்துக்கு முன் பெட்டி பேசி முடிக்கும்வரை மந்திரி பொறுத்திருந்தார். பிறகு, ஸ்டாம்பை நாக்கால் நக்கி ஒட்டுகிறவர்கள் பல் ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டிவிட்டு வந்திருக்கலாமே என்றார். ரயில் நிலையத்துக்கு முன்னும் ஏதோ சொன்னார். சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் இறங்கின பிறகு கண்ணாடியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். அதில் மருமகள் தெரிந்தாள்.

“அம்மாடி, அந்தப் பொம்பளைய இன்னும் கொஞ்சம் சுருக்கமாப் பேசச் சொல்ல முடியுமா? ‘அடுத்த நிறுத்தம்’, ‘அடுத்த நிறுத்தம்’னு இழுத்துட்டே இருக்கா. எனக்குப் பேச இடம் பத்தல.”

“பாக்கறேன் மாமா.”

“பாரு. ஆனா மாத்தறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டு மாத்து.”